ஒரு சம்பளம், ரெண்டு படம்

பி.காம். முடித்த கையோடு நான் சேர்ந்தது ஓர் ஆடிட்டர் ஆபீஸில். மாடியில் ரெண்டு ரூம், ஒரே ஒரு ஃபேன், ஃபேனுக்கு நேர் கீழே ஆடிட்டர். மற்றவர்களுக்கெல்லாம் லெட்ஜர் பக்கத்தைத் திருப்பும்போது வருகிற காற்றுதான். சேர்ந்த முதல் வாரம் ஒரு ஜவுளி வியாபாரியின் கணக்குக் கட்டை என் தலையில் வைத்தார்கள். ஒரு கம்பெனி, ஒரு மாச வேலை, இன்ன சம்பளம் என்று பேச்சு.

கட்டைப் பிரித்தால் உள்ளே ரெண்டு கம்பெனி! அண்ணன் பேரில் ஒன்று, தம்பி பேரில் ஒன்று. ஒரே கடை, ஒரே கல்லா. ஆனால் ரெண்டு டே புக், ரெண்டு லெட்ஜர், ரெண்டு பாலன்ஸ் ஷீட். ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து ரெண்டையும் டேலி பண்ணிவிட்டு, எச்சிலை முழுங்கிக்கொண்டு, "ஸார், இதுல ரெண்டு கம்பெனி இருக்கு..." என்று இழுத்தேன்.

ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஒரே ஃபைல்லதானே தம்பி இருக்கு?"

இந்தக் கேள்விக்கு இன்று வரை எனக்கு பதில் கிடைக்கவில்லை. ஆனால் இதே வசனத்தைப் பேசி ஆலிவர் ரீட், சார்ல்டன் ஹெஸ்டன், ஃபே டன்அவே, ராக்குவெல் வெல்ச் என்று ஹாலிவுட், லண்டன் பெரிய தலைகளையே ஒரு கோஷ்டியாக மொட்டை அடித்திருக்கிறார்கள் என்று போன மாதம் தெரிந்தபோது மனசு கொஞ்சம் ஆறியது. நம்ம கம்பெனி பெரிய கம்பெனிதான்!

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

மேன்ஷன் வாசிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பது துணி காய்ந்திருக்கும், பர்ஸும் காய்ந்திருக்கும் நேரம். அறைத் தோழன் (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன், எல்லாவற்றிலும் ரிஸ்க் பார்ப்பான்) லாப்டாப்பைத் தலையணை மேல் சாய்த்து வைத்து, "மச்சி, கத்திச் சண்டைப் படம்டா. பழசு. ஆனா தமாஷா இருக்காம்" என்றான். 'தி த்ரீ மஸ்கெட்டியர்ஸ்'. ரிச்சர்ட் லெஸ்டர் டைரக்ட் பண்ணி 1973ல் வந்தது. பீட்டில்ஸை வைத்து 'எ ஹார்ட் டேஸ் நைட்', 'ஹெல்ப்!' எடுத்தாரே, அதே லெஸ்டர்.

பத்தாவது நிமிஷத்தில் ரெண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.

கத்திச் சண்டைப் படம் என்றால் நமக்குத் தெரிந்த இலக்கணம் ஒன்று உண்டு. ஹீரோ மாடிப்படியில் இறங்கிக்கொண்டே ஒரு கையால் சண்டை போடுவார். இன்னொரு கை இடுப்பில். தலைமுடி கலையாது. வில்லன் ஆள் ஒவ்வொருவராக, க்யூவில் நின்று, வரிசை தவறாமல் வந்து குத்து வாங்கிப் போவார்கள். ரேஷன் கடையில்கூட அந்த ஒழுங்கு இருக்காது.

லெஸ்டர் படத்தில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. கத்தி வீசினவன் வீசின வேகத்தில் தானே சுற்றி விழுகிறான். ஒருத்தன் தோற்கிற மாதிரி இருந்தால் எட்டி உதைக்கிறான். சலவைக்கூடத்தில் ஒரு சண்டை. ஈரத் துணியைச் சுருட்டி முகத்தில் அடிக்கிறார்கள். இருட்டில் ஒரு சண்டை. ரெண்டு பேர் கையிலும் விளக்கு, அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, எதிராளி எங்கே நிற்கிறான் என்று தடவிக்கொண்டே கத்தி வீசுகிறார்கள். ரெண்டாம் படத்தில் உறைந்து போன ஏரி மேல் ஒரு சண்டை. வழுக்கி விழுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. சண்டை போட்டால் மூச்சு வாங்கும் என்பதை எனக்குத் தெரிந்து ஒப்புக்கொண்ட முதல் வாள் படம் இதுதான்.

சண்டைகளை அமைத்தவர் வில்லியம் ஹாப்ஸ் என்கிற ஆங்கிலேயர். ஹாப்ஸ் பிடித்த பாயிண்ட் சிம்பிள். 1625ல் பிரான்ஸில் இருந்த கத்தி, இன்றைக்கு ஒலிம்பிக்ஸில் பார்க்கிற சவுக்குக் குச்சி மாதிரி சமாசாரம் இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் நீளம், சுமார் ஒரு கிலோ எடை. ஒரு கிலோ துவரம் பருப்புப் பையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அஞ்சு நிமிஷம் வீசிப் பாருங்கள், தெரியும். அதனால் அந்தக் காலத்து ஆசாமிகள் இடது கையையும் சும்மா வைத்திருக்கவில்லை. குத்துவாள், மேலங்கி, கையில் கிடைத்த முக்காலி, எதுவானாலும் சரி.

படத்தில் எனக்கும் நண்பனுக்கும் ரொம்பப் பிடித்த ஸீன் இதுதான். வீரர்கள் நாலு பேர் கையிலும் பைசா கிடையாது. பசி. ஒரு சத்திரத்துக்குள் நுழைகிறார்கள். தங்களுக்குள்ளேயே பொய்ச் சண்டை ஒன்றை ஆரம்பிக்கிறார்கள். மேஜைகள் கவிழ்கின்றன, ஜனங்கள் ஓடுகிறார்கள், கத்திகள் பறக்கின்றன. அந்தக் கலாட்டாவில் கத்தி முனையில் கோழியும் ரொட்டியும் குத்தி எடுத்து, ஒயின் பாட்டிலை லபக்கி, சாப்பாட்டோடு கம்பி நீட்டிவிடுகிறார்கள். நண்பன் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். மெஸ்ஸுக்கு மூணு மாச பாக்கி. "கத்திக்கு எங்கடா போறது?" என்றேன்.

★ ★ ★

கதை தெரியாதவர்களுக்கு. 1625, ஏப்ரல் மாதம். தார்த்தாஞான் என்று ஒரு கிராமத்துப் பையன். மஞ்சள் நிறக் கிழட்டுக் குதிரை ஒன்றும், சிபாரிசுக் கடிதம் ஒன்றும் கொடுத்து, பாரீஸில் ராஜாவின் மஸ்கெட்டியர் படையில் சேர்ந்து பிழைத்துக்கொள் என்று அப்பா அனுப்பி வைக்கிறார். கூடவே ஒரு நிபந்தனை, குதிரையை மட்டும் விற்றுவிடாதே. பையன் கடிதத்தை வழியில் தொலைக்கிறான். பாரீஸ் எல்லைக்குப் போனதும் முதல் வேலையாகக் குதிரையை விற்கிறான். (இன்டர்வியூவுக்கு சென்னைக்கு வந்த நாமெல்லாம் வேறென்ன செய்தோம்?)

போன ஊரில் ஒரே காலையில் மூன்று பேரிடம் வம்பு வளர்த்துக்கொள்கிறான். ஆத்தோஸின் காயம்பட்ட தோளில் இடித்துவிடுகிறான். போர்த்தோஸின் மேலங்கிக்குள் சிக்கிக்கொள்கிறான். அராமிஸ் காலடியில் கிடந்த லேடீஸ் கர்சீஃபை எல்லோர் முன்னாலும் எடுத்துக் கொடுத்து மானத்தை வாங்குகிறான். மூன்று பேரும் கத்திச் சண்டைக்குக் கூப்பிட, பன்னிரண்டு, ஒன்று, ரெண்டு என்று டயம் டேபிள் போட்டுக் கொள்கிறான். அதில் போர்த்தோஸ் விவகாரம் எனக்கு உயிர். ஆள் தங்க ஜரிகை போட்ட பட்டை மாட்டிக்கொண்டு படு ஜம்பமாக நிற்பார். பையன் மேலங்கிக்குள் புகுந்து பார்த்தால், ஜரிகை முன்பக்கம் மட்டும்தான்! பின்பக்கம் வெறும் தோல். அதை மறைக்கத்தான் வெயிலிலும் மேலங்கி. காலரும் முன்பக்கமும் மட்டும் இஸ்திரி போட்டு, மேலே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போன என் சக ஊழியர் ஒருவரை நினைத்துக்கொண்டேன். பேர் சொல்ல மாட்டேன். டியூயலுக்குக் கூப்பிட்டுவிடுவார்.

படத்தைப் பார்த்த கையோடு நாவலையும் இங்கிலீஷில் தேடிப் படித்தேன். அலெக்ஸாண்டர் டூமா எழுதியது. 1844 மார்ச்சிலிருந்து ஜூலை வரை 'ல சியக்ல்' என்ற பாரீஸ் தினசரியில் தொடர்கதையாக வந்தது. ஆம், தொடர்கதை! வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வந்தியத்தேவனைத் தெரிந்தவர்களுக்கு தார்த்தாஞானை அறிமுகம் செய்யவே வேண்டாம். வாய்த்துடுக்கு, வம்பை வலியப் போய் வாங்குவது, கையில் காசில்லாமலேயே ராஜ ரகசியங்களுக்குள் விழுவது என்று எல்லாம் அப்படியே.

டூமா நமக்கு அன்னியர் ஒன்றும் இல்லை. பி.யு. சின்னப்பா 1940லும், சிவாஜி 1958லும் ரெட்டை வேஷம் கட்டிய 'உத்தமபுத்திரன்' மூலக்கதை, டூமாவின் இரும்பு முகமூடி மனிதன்தான். இதே மஸ்கெட்டியர்கள் வயசான பிறகு வருகிற கடைசிக் கதை அது. முகமூடி மட்டும் இங்கே வந்தது, மஸ்கெட்டியர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

நாவலைப் படித்ததும் எனக்குள் இருக்கும் பி.காம். விழித்துக்கொண்டான். இது வீரக்கதை என்று நூற்றெண்பது வருஷமாக உலகத்தை நம்ப வைத்திருக்கிறார்கள். சத்தியமாக இல்லை. இது சம்பளக் கதை.

பக்கத்துக்குப் பக்கம் பணப் பிரச்னை. ராஜா மகிழ்ந்து போய் நாற்பது பிஸ்டோல் தங்கக் காசு தருகிறார். நாலு பேரும் பங்கு போட்டு, ஒரு நல்ல சாப்பாடு, ஒரு வேலைக்காரன் என்று செலவழித்து, கொஞ்ச நாளில் காலி. பிறகு யாராவது தெரிந்தவர் வீட்டில் ஒருத்தனுக்கு விருந்து கிடைத்தால் நாலு பேரும் போய் நிற்கிறார்கள். ரோஷெல் கோட்டை முற்றுகைக்குப் படை கிளம்புகிறது. குதிரை, சேணம், ஆயுதம் எல்லாம் அவனவன் சொந்தச் செலவில் வாங்க வேண்டுமாம்! போர்த்தோஸ் ஒரு கிழட்டு வக்கீலின் மனைவியிடம் காதல் பேசிக் கறக்கிறார். ஆத்தோஸ் ரூமை விட்டு நகரவே மறுக்கிறார். பதினைந்து நாளுக்குள் பணம் வரவில்லையென்றால் எதிரிகள் ஏழெட்டுப் பேரிடம் வம்பு பண்ணி, சண்டை போட்டுச் செத்துவிடுவதாக பிளான். ராஜ சேவையில் இறந்த பேரும் கிடைக்கும், யூனிஃபார்ம் செலவும் மிச்சம். இதைவிட நேர்த்தியான பட்ஜெட்டை நான் எந்த ஃபைலிலும் பார்த்ததில்லை.

இன்னொரு தமாஷ். மஸ்கெட் என்றால் நீளத் துப்பாக்கி. மஸ்கெட்டியர் என்றால் துப்பாக்கி வீரன். கதை முழுக்க இவர்கள் கத்தியைத்தான் சுழற்றுகிறார்கள். அக்கவுன்டன்ட் போஸ்டிங் போட்டு, காலம் பூரா பேங்க் சலான் கட்ட அனுப்புகிற மாதிரி.

தார்த்தாஞான் என்று நிஜமாகவே ஒருவர் இருந்தார். 1625ல் சின்னப் பையன். வளர்ந்து மஸ்கெட்டியர் ஆகி, பதினாலாம் லூயியிடம் வேலை பார்த்தார். வாழ்க்கையில் செய்த பெரிய காரியம், 1661ல் நான்ட் நகரத்தில் ஓர் ஆளைக் கைது செய்தது. யாரை? ஃபூக்கே என்கிற நிதி மந்திரியை. குற்றச்சாட்டு, கஜானாவில் கை வைத்தது. அதாவது நம்ம ஹீரோ ஒருவகையில் ஆடிட் டிபார்ட்மென்ட்! 1673ல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் இறந்தார். 1700ல் ஒரு எழுத்தாளர் அவருடைய 'நினைவுகள்' என்று பாதி சரடு விட்டு ஒரு புஸ்தகம் போட, அதைத்தான் டூமா பிடித்துக்கொண்டார். மார்செய் நகர நூலகத்தில் அந்தப் புஸ்தகத்தை இரவல் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பார்கள். இரவல் புஸ்தகத்தைத் திருப்பித் தராதவர்களிடம் இனிமேல் கோபப்பட மாட்டேன். ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு நிஜ ஆசாமியையும் சொல்லியே ஆகவேண்டும். கதையில் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபுவை ஃபெல்டன் என்கிற ராணுவ அதிகாரி குத்திக் கொல்கிறான். மிலேடி என்கிற அழகான பாதகி அழுது மயக்கித் தூண்டிவிட்டதாக டூமா எழுதுகிறார். கொலை நிஜம். 1628 ஆகஸ்ட், போர்ட்ஸ்மவுத். ஃபெல்டனும் நிஜம். அழகி மட்டும்தான் பொய். நிஜ ஃபெல்டனுக்கு இருந்த மனக்குறை என்ன தெரியுமா? ஒன்று, கேப்டன் பிரமோஷன் தரவில்லை. ரெண்டு, சம்பள பாக்கி.

இதை நண்பனிடம் படித்துக் காட்டினேன். அவனுக்கு இன்க்ரிமென்ட் போன ஏப்ரலில் வரவேண்டியது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டூமா எதுக்குடா பொண்ணைக் கொண்டாந்தான்? இதுவே நல்ல மோட்டிவ்தானே?" என்றான்.

★ ★ ★

டூமா எழுதியது என்றேன் அல்லவா? அதிலும் ஒரு பாக்கிக் கணக்கு இருக்கிறது.

அகுஸ்த் மாக்கே என்று ஒரு சரித்திர வாத்தியார். பிளான் போடுவது, சரித்திரம் தோண்டுவது, முதல் டிராஃப்ட் எழுதுவது மாக்கே. அதை எடுத்து உயிர் ஊட்டி, வசனத்தில் மின்சாரம் பாய்ச்சுவது டூமா. 'மஸ்கெட்டியர்ஸ்', 'மான்டி கிறிஸ்டோ' எல்லாம் இந்தக் கூட்டுத் தயாரிப்புதான். ஆனால் அட்டையில் ஒரே பேர். ஆரம்பத்தில் ஒரு கதைக்கு ரெண்டு பேரையும் போட வேண்டும் என்று டூமாவே கேட்டாராம். பத்திரிகை முதலாளி கணக்குப் போட்டுக் காட்டினாராம். டூமா பேர் மட்டும் இருந்தால் வரிக்கு மூன்று ஃப்ராங்க், மாக்கே பேரும் சேர்ந்தால் அதில் பாதி. பேர் கூடக்கூட ரேட் குறையும் அதிசயம் எழுத்துத் தொழிலில் மட்டும்தான் உண்டு.

வரிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் டூமா செய்த குறும்பு ஒன்றும் சொல்வார்கள். ஆத்தோஸின் வேலைக்காரன் க்ரிமோ. அதிகம் பேச மாட்டான். ஒரு வார்த்தையில் பதில். ஒரு வார்த்தை என்றாலும் ஒரு வரிதானே? ஒரு வரிக் கூலி. பத்திரிகைக்காரர்கள் முழித்துக்கொண்டு, பாதி நிரம்பாத வரி கணக்கில் சேராது என்று சட்டம் போட்டதும் டூமா க்ரிமோவையே தீர்த்துக்கட்டிவிட்டார் என்று கதை. நிஜமோ, பொய்யோ, ஃப்ரீலான்ஸராகப் பிழைக்கும் எனக்கு டூமா மேல் பாசம் பொங்கியது.

என்ன?

பொங்கியது.

அப்படியா?

ஆம்.

(எடிட்டர் ஸார், சும்மா செய்து பார்த்தேன். நாலு வரியைக் கழித்துக்கொள்ளலாம்.)

மாக்கே கடைசியில் கோர்ட்டுக்குப் போனார். 1858ல் தீர்ப்பு. பணம் உண்டு, பேர் கிடையாது. மாக்கே அந்தப் பணத்தையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்து, ஒரு மாளிகை வாங்கி, 1888 வரை நிம்மதியாக இருந்தார். டூமா சம்பாதித்ததெல்லாம் விருந்து, நாடகக் கொட்டகை, 'மான்டி கிறிஸ்டோ மாளிகை' என்று பறக்கவிட்டு, கட்டின மாளிகையையும் கடனுக்கு விற்று, 1870ல் ஒன்றுமில்லாமல் போய்ச் சேர்ந்தார். பாரீஸில் மாக்கேயின் கல்லறையில் அந்த நாவல்களின் பேர்களையெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அட்டையில் கிடைக்காத இடம் கல்லில் கிடைத்தது.

★ ★ ★

இப்போது ஒரே ஃபைல் விவகாரம்.

லெஸ்டர் படத்தின் தயாரிப்பாளர்கள் அப்பா, பிள்ளை. அலெக்ஸாண்டர் சால்கின்ட், இல்யா சால்கின்ட். ஸ்பெயினில் ஷூட்டிங். திரைக்கதை 'ஃப்ளாஷ்மேன்' கதைகள் எழுதிய ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃப்ரேஸர். நடிகர் பட்டியல் சாதாரணமில்லை. தார்த்தாஞானாக மைக்கேல் யார்க், ஆத்தோஸ் ஆலிவர் ரீட், அராமிஸ் ரிச்சர்ட் சேம்பர்லின், போர்த்தோஸ் ஃப்ராங்க் ஃபின்லே, கார்டினல் ரிஷ்லுவாக சார்ல்டன் ஹெஸ்டன், மிலேடி ஃபே டன்அவே, ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டி கிறிஸ்டோஃபர் லீ. ராக்குவெல் வெல்ச்சுக்குப் புருஷனாக காமெடியன் ஸ்பைக் மில்லிகன்! அந்த காஸ்ட்டிங்கைப் பார்த்துவிட்டு மேன்ஷனில் பலருக்கு வாழ்க்கையில் நம்பிக்கை வந்தது.

எல்லோரும் ஒரு படத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். நடித்தார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள். ஆலிவர் ரீடுக்கு ஒரு சண்டையில் கழுத்தில் கத்தி பட்டு ஆஸ்பத்திரி வரை போய் வந்தார். வீட்டுக்குப் போனார்கள். படம் 1973 டிசம்பரில் பாரீஸில் ரிலீஸ். உட்கார்ந்து பார்த்தால், ராணியின் வைர விவகாரத்தோடு படம் முடிந்துவிட்டது! ரோஷெல் முற்றுகை, மிலேடியின் பழிவாங்கல், உறைந்த ஏரிச் சண்டை, வெயிலில் நின்று எடுத்ததெல்லாம் காணோம். எங்கே?

அடுத்த படத்தில்! 'தி ஃபோர் மஸ்கெட்டியர்ஸ்', 1974.

ஒரே நீளப் படமாக, இடைவேளை விட்டுக் காட்டத்தான் முதலில் திட்டம், நீளம் தாங்காது என்று பிறகுதான் வெட்டினோம் என்பது தயாரிப்புத் தரப்பு. நடிகர்களுக்கு அது முக்கியமில்லை. டிக்கெட் ரெண்டு தடவை விற்கிறீர்கள், சம்பளம் ஒரு தடவைதானே கொடுத்தீர்கள்? வக்கீல்கள் வந்தார்கள். கடைசியில் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுத்து ராஜியானார்கள். தனியாக ரெண்டாவது படம் ஒன்று பண்ணியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் அது எந்த மூலைக்கு!

என் ஆடிட்டர் அங்கே இருந்திருந்தால் அழகாகச் சொல்லியிருப்பார். ஒரே கேமராலதானே தம்பி எடுத்தோம்?

ஆனால் அங்கே ஒரு விஷயம் நடந்தது, இங்கே நடக்கவில்லை. அமெரிக்க நடிகர் சங்கம் ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்தைப் புகுத்தியது. இந்த வேலையிலிருந்து எத்தனை படம் வெளிவரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த ஷரத்துக்கு இன்றும் பேர் 'சால்கின்ட் ஷரத்து'! சிலருக்கு ஊரில் சிலை வைப்பார்கள், சிலருக்குத் தெருப் பேர் வைப்பார்கள். இவர்களுக்கு ஒப்பந்தத்தில் ஒரு பாரா. பிற்பாடு இதே சால்கின்ட்கள் 'சூப்பர்மேன்' முதல் ரெண்டு படங்களையும் சேர்த்து எடுக்க ஆரம்பித்தபோது ரெண்டு என்று முதலிலேயே சொல்லி எழுதிக் கொண்டார்கள். 'பொன்னியின் செல்வன்' 2022லும் 2023லும் ரெண்டு பாகமாக வந்தது. 2023ல் ஃப்ரெஞ்சுக்காரர்களே மஸ்கெட்டியர்ஸை மறுபடி எடுத்து, ஏப்ரலில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று விட்டார்கள். ரெண்டிலும் ரெண்டு பாகம் என்று ஆரம்பத்திலேயே ஊரறியச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்டினது படத்துக்கு நல்லதாகத்தான் முடிந்தது. முதல் பாதி சிரிப்பு. ரெண்டாம் பாதியில் அதே ஆட்கள், அதே கத்தி, ஆனால் ரத்தம் நிஜ ரத்தம் மாதிரி இருக்கிறது. ஹீரோவின் காதலி சாகிறாள். காப்பாற்ற ஓடி வருகிறவர்கள் லேட்டாக வந்து சேர்கிறார்கள். முதல் படத்தில் சிரித்த அதே நாலு பேர் ஆற்றங்கரையில் ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அராஜக வேலையை அவர்கள் செய்தார்களா, மிலேடியா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஒரே மூச்சில் நாலு மணி நேரம் பார்த்திருந்தால் இந்த மாற்றம் உறைத்திருக்காது.

ஆகவே, திருட்டுத்தனத்தால் விளைந்த நல்ல படம் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நண்பன் விடவில்லை. "மூணாவது ஒண்ணு இருக்குடா" என்றான்.

★ ★ ★

1988. லெஸ்டர் அதே பழைய கோஷ்டியைத் திரும்பக் கூட்டினார். டூமாவின் அடுத்த நாவல், 'இருபது வருஷம் கழித்து'. படத்தின் பேர் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி மஸ்கெட்டியர்ஸ்'. மறுபடி ஸ்பெயின். மைக்கேல் யார்க், ஆலிவர் ரீட் எல்லோருக்கும் முடி கொஞ்சம் நரைத்திருந்தது. அவர்களோடு ராய் கின்னியரும் வந்தார்.

ராய் கின்னியரை உங்களுக்கு முகம் தெரிந்திருக்கலாம். குண்டு, வழுக்கை, எப்போதும் வியர்த்து வழிகிற ஆங்கில காமெடியன். 'ஹெல்ப்!' காலத்திலிருந்து லெஸ்டர் படங்களின் ஆஸ்தான முகம், சொந்த சிநேகிதரும்கூட. மஸ்கெட்டியர்ஸில் தார்த்தாஞானின் வேலைக்காரன் ப்ளான்ஷே. எஜமானர்கள் குதிரையில் பறப்பார்கள், இவர் பின்னாலேயே மூட்டை முடிச்சோடு மூச்சிரைக்க ஓடி வருவார். எஜமானர்கள் சண்டை போடுவார்கள், இவர் அடி வாங்குவார். லெஸ்டர் படங்களில் ஒரு விசேஷம், பின்னணியில் வேலைக்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். ஹீரோக்கள் வசனம் பேசும்போது நமக்கு அந்த முணுமுணுப்புதான் காதில் விழும். கின்னியர் அந்த முணுமுணுப்புக்கெல்லாம் தலைவர்.

செப்டம்பர் 19. டொலேடோ நகரம். பழைய பாலம் ஒன்றின் மேல் குதிரைகள் விரைந்து போகும் காட்சி. கின்னியர் குதிரையிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மட்ரிட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் இறந்துவிட்டார். வயசு 54. வீட்டில் மூன்று குழந்தைகள். மகன் ரோரிக்கு அப்போது 10 வயது. (பிற்பாடு ஜேம்ஸ் பாண்ட் படங்களில் 'எம்'முக்குப் பக்கத்தில் ஃபைலோடு நிற்கிறாரே டானர் என்ற அதிகாரி, அவர்தான் ரோரி கின்னியர்.) குடும்பத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷங்கள் கழித்து நஷ்டஈடு தரச் சொல்லித் தீர்ப்பாயிற்று.

படத்தை நிறுத்தவில்லை. இருந்தவர்களை வைத்து முடித்தார்கள். கின்னியருக்கு மிச்சமிருந்த காட்சிகளில் அதே பருமனில் ஓர் ஆளை முதுகு காட்டி நிறுத்தி, அதே குரலில் பேசக்கூடிய ஒருவரை வைத்து டப் செய்தார்கள். 1989ல் படம் வந்தது. லெஸ்டர் அதற்குப் பிறகு பால் மெக்கார்ட்னியின் கச்சேரிப் படம் ஒன்று மட்டும் 1991ல் எடுத்துக் கொடுத்தார். கதைப்படம் எதுவும் எடுக்கவில்லை. அப்போது அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை.

போன ஞாயிறு மூணாவது படத்தையும் பார்த்தோம். சுமார்தான். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிப்பு வரவில்லை, எங்களுக்கா, அவர்களுக்கா தெரியவில்லை. நண்பன் முதலில் கத்திச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரெண்டு பேரும் ப்ளான்ஷேவை மட்டும் பார்க்க ஆரம்பித்தோம். ஃப்ரேமுக்குள் வரும்போதெல்லாம், முகம் தெரிகிறதா, முதுகா?

"முகம்."

"முகம்."

"முதுகுடா."

அதற்கப்புறம் நண்பன் எண்ணுவதை விட்டுவிட்டான். இன்ஷூரன்ஸ்காரன், வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் பாலிஸி, பிரீமியம் என்று ஏதாவது லெக்சர் அடிப்பான். அடிக்கவில்லை. லாப்டாப்பை மூடினான். மணி ஒன்பதே கால். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் ஒன்பதரைக்கு மேல் ரசம்கூட இருக்காது.

"பாக்கியில கொஞ்சமாவது குடுத்துடலாம்டா" என்று சட்டையை மாட்டிக்கொண்டான்.